நிலையில்லா வருமானமும் காப்புறுதியும்: எதிர்பார்க்கும் பயன்பாடு கூறுவது என்ன?

காப்புறுதி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பேரங்காடி வாசலில் வழிமறிக்கும் முகவரின் புன்னகையும், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய ஒப்பந்தப் பத்திரமும்தாம். "ஒன்றும் நடக்காவிட்டால் கட்டிய காசு போச்சுதானே?" என்ற கேள்வி கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள உணவுக் கடைகளில் அடிக்கடி கேட்கும் ஒன்று. படிக்காதவர் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. காப்புறுதி நிறுவனம் அலுவலக வாடகை, முகவர் தரகு, இலாபம் அனைத்தையும் சேர்த்துத்தான் சந்தாவை நிர்ணயிக்கிறது. ஆகவே சராசரியாகப் பார்த்தால், வாடிக்கையாளர் கட்டுவதைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுகிறார். அப்படியென்றால் காப்புறுதி எடுப்பவர் அனைவரும் கணக்குத் தெரியாதவர்களா?

இல்லை என்பதற்குப் பொருளியல் துறை ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டது. அந்த விடையின் பெயர்தான் 'எதிர்பார்க்கும் பயன்பாடு'. அதை எளிய முறையில் விளக்கி, நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் நாள் கூலிக்கும் சொந்தத் தொழிலுக்கும் வாழ்பவர்களின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பிடும்போது ஒரு முரண்பாடு தலைகாட்டும். கோட்பாட்டின்படி காப்புறுதி யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களிடம்தான் அது குறைவாக இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கப்பல்

சுவிஸ் கணித மேதை டேனியல் பெர்னூலி 1738ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தின் வெளியீட்டில் இலத்தீன் மொழியில் வந்த கட்டுரை அது. அதில் வரும் நாணயச் சுண்டு விளையாட்டைத்தான் பாடநூல்கள் பெரிதாகப் பேசுகின்றன. ஆனால் துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு, அதே கட்டுரையில் உள்ள வணிகர் கதை இன்னும் பொருத்தமானது.

ஒரு வணிகர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்குகிறார். அது பத்திரமாகப் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கலாம். ஆனால் அந்தப் பருவத்தில் கடலில் செல்லும் 100 கப்பல்களில் 5 மூழ்கிவிடுகின்றன. காப்புறுதி செய்ய 800 ரூபிள் கேட்கிறார்கள். சராசரி இழப்பு 10,000 ரூபிளில் 5 விழுக்காடு, அதாவது 500 ரூபிள்தான். 500 ரூபிள் பெறுமானமுள்ள இடருக்கு 800 ரூபிள் கொடுப்பது மடமையா?

அது வணிகரிடம் வேறு எவ்வளவு சொத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார் பெர்னூலி. சொத்து பெருகப் பெருக, கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபிளும் தரும் மனநிறைவு குறைந்துகொண்டே போகிறது. 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாடு' என்று நாம் படிவம் ஆறில் மனப்பாடம் செய்த விதிதான் இது. பயன்பாட்டை மடக்கையால் அளந்து அவர் கண்ட முடிவு: வணிகரிடம் இந்தச் சரக்கைத் தவிர 5,043 ரூபிளுக்குக் குறைவாகச் சொத்து இருந்தால், 800 ரூபிள் கொடுத்துக் காப்புறுதி எடுப்பதே அறிவுடைமை. அதற்கு மேல் இருந்தால், துணிந்து விட்டுவிடலாம். அதோடு நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் அமர்ந்து காப்புறுதி தருபவரிடம் குறைந்தது 14,243 ரூபிளாவது இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டார். கையில் குறைவாக உள்ளவர் இடரை விற்கிறார். நிறைய உள்ளவர் அதை வாங்குகிறார். ஒரே 800 ரூபிளில் இருவரும் பயனடைகிறார்கள். காப்புறுதித் தொழில் முழுவதற்குமான நியாயம் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

பின்னர் 1944இல் ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் ஆகிய இருவரும் இக்கருத்துக்கு உறுதியான கணித அடித்தளம் அமைத்தனர். 1948இல் மில்டன் ஃபிரீட்மனும் லியனர்ட் சாவேஜும் வேறொரு கேள்வியை எழுப்பினர்: ஒரே மனிதர் காப்புறுதியும் எடுக்கிறார், அதிர்ஷ்டச் சீட்டும் வாங்குகிறார்; இது எப்படி? சனி, ஞாயிறு தவறாமல் நான்கு எண் எடுக்கும் நம் அண்ணன்மார்களைப் பார்த்திருந்தால் அவர்கள் இன்னொரு கட்டுரையும் எழுதியிருப்பார்கள்.

வேன் ஓட்டுநரின் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வழக்கமான மாதத்தில் குடும்பச் செலவுக்கு அவர் கையில் 2,500 வெள்ளி நிற்கிறது. வேன் பழுதானாலோ, அவருக்கே அடிபட்டாலோ 1,600 வெள்ளி இழப்பு. அந்த மாதம் 900 வெள்ளிதான் மிஞ்சும். இப்படி நேர்வதற்கான நிகழ்தகவு 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். (கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் அமைத்துக்கொண்ட எண்கள் இவை.) பயன்பாட்டை வர்க்கமூலத்தால் அளப்போம். மடக்கையைப் போலவே வர்க்கமூலமும் தொகை கூடக்கூட மெதுவாக வளரும் ஓர் அளவு, மனக்கணக்குக்கும் வசதியானது.

2,500இன் வர்க்கமூலம் 50. 900இன் வர்க்கமூலம் 30. பத்தில் ஒன்பது பங்கு 50, பத்தில் ஒரு பங்கு 30 என்று சேர்த்தால் கிடைப்பது 48. இதுவே அவருடைய எதிர்பார்க்கும் பயன்பாடு. இந்த 48ஐ மீண்டும் வெள்ளியாக மாற்ற வேண்டுமானால் வர்க்கப்படுத்த வேண்டும்: 2,304 வெள்ளி. அதாவது, ஏற்ற இறக்கமான அந்த வருமானமும், மாதந்தோறும் உறுதியாகக் கிடைக்கும் 2,304 வெள்ளியும் அவருக்கு ஒன்றுதான்.

இப்போது கவனியுங்கள். அவருடைய சராசரி இழப்பு 1,600இல் 10 விழுக்காடு, அதாவது 160 வெள்ளி. ஆனால் அந்த இடரிலிருந்து முழுமையாக விடுபட அவர் 196 வெள்ளி வரை கொடுக்கத் தயாராக இருப்பார் (2,500 கழித்தல் 2,304). இடையில் உள்ள 36 வெள்ளி, நிம்மதிக்கு அவர் கொடுக்கும் விலை. சந்தா 185 வெள்ளி என்றால், நிறுவனத்துக்கு 25 வெள்ளி மிஞ்சும்; ஓட்டுநரும் முன்னைவிட நல்ல நிலையில் இருப்பார். 210 வெள்ளி கேட்டால் வேண்டாம் என்பதுதான் சரியான விடை. 'கட்டிய காசு போச்சு' என்ற வாதம் தவறுவது இந்த இடத்தில்தான். நெருக்கடி மாதத்தில் கையில் இருக்கும் ஒரு வெள்ளியும், சாதாரண மாதத்தில் கையில் இருக்கும் ஒரு வெள்ளியும் ஒரே மதிப்புடையவை என்று அது எண்ணிக்கொள்கிறது.

இதே 1,600 வெள்ளி இழப்பு, மாதம் 10,000 வெள்ளி உள்ள ஒருவருக்கு நேரலாம் என்று கொண்டால்? அதே முறையில் கணக்கிட்டுப் பாருங்கள். அவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை ஏறக்குறைய 166 வெள்ளிதான். அவருடைய நிம்மதியின் விலை 6 வெள்ளி. வேன் ஓட்டுநருக்கோ 36 வெள்ளி. ஆக, ஒரே இடருக்கு எதிரான காப்புறுதியை ஏழையே அதிகம் மதிக்க வேண்டும். ஆனால் உண்மையில் காப்புறுதிப் பத்திரங்கள் யார் வீட்டு அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன? அறியாமைதான் காரணம் என்று விழிப்புணர்வுக் கருத்தரங்குகளில் உடனே கூறிவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் எண்ணம்.

சட்டப் புத்தகத்தில் ஏறிய தமிழ்ச் சொல்

முதலாவதாக, காப்புறுதிப் பத்திரம் இல்லாதவரிடம் காப்புறுதியே இல்லை என்று நினைப்பது தவறு. தோட்டக் காலம் தொட்டு நம்மவர் கூட்டுக் கட்டி வந்திருக்கிறார்கள். பத்துப் பேர் மாதம் 200 வெள்ளி போட்டால், மாதம் ஒருவருக்கு 2,000 வெள்ளி கிடைக்கும். ஏலக் கூட்டாக இருந்தால், மருத்துவமனைச் செலவோ பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணமோ வந்து நெருக்கடியில் இருப்பவர் அதிகமாகத் தள்ளி முதலில் எடுத்துக்கொள்வார். அவசரம் இல்லாதவர் காத்திருந்து அந்தக் கழிவை இலாபமாகப் பெறுவார். பெர்னூலியின் வணிகர் கதைதான் இதுவும். இடர் உள்ளவர், அது இல்லாதவருக்கு விலை கொடுக்கிறார். மலாய்க்காரரும் சீனரும் புழங்கும் இம்முறைக்கு நாட்டின் சட்டம் சூட்டிய பெயர் நம்முடையது: 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம். ஆங்கிலப் பெயரிலும் 'கூட்டு' என்றே இருக்கிறது. மலாயில் அது 'குத்து'. நம் மொழிச் சொல் ஒன்று நாட்டின் சட்டத்தில் இடம்பெற்றது தடை செய்யப்படுவதற்காகத்தான் என்பது சற்றே கசக்கும் பெருமை. கூட்டைத் தொழிலாக நடத்திப் பணத்தோடு மறைந்தவர்களை எண்ணிப் பார்த்தால், தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

கூட்டு மட்டுமன்று. கோயில்களும் சங்கங்களும் நடத்தும் மரண சகாய நிதி, மலாய்க்காரர்களின் கைராட் கெமாத்தியான், அவசரத்துக்கு அடகுக்கடை செல்லும் அம்மாவின் சங்கிலி, மாதக் கடைசியில் உதவும் அண்ணன், இவை எல்லாமே காப்புறுதிகள்தாம். தீபாவளிக்கு முன் ஜாலான் தெங்கு கிளானா நகைக்கடைகளில் மொய்க்கும் கூட்டத்தை வெறும் ஆடம்பரமாக மட்டும் நான் பார்ப்பதில்லை. கழுத்தில் கிடக்கும் தங்கத்துக்குச் சின்ன எழுத்து நிபந்தனைகள் இல்லை. இழப்பீட்டுப் பாரம் நிரப்ப வேண்டியதும் இல்லை.

இத்தகைய ஏற்பாடுகள் எவ்வளவு தூரம் தாங்கும்? ராபர்ட் டவுன்சென்ட் என்ற பொருளியலாளர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தென்னிந்தியாவின் வறண்ட பகுதியில் உள்ள சிற்றூர்களின் பல்லாண்டுக் கணக்குகளை அவர் ஆராய்ந்தார். தனியொரு குடும்பத்தின் வருமானம் விழுந்தாலும், அதன் உணவுச் செலவு அந்த அளவுக்கு விழவில்லை. உறவும் ஊரும் பெருமளவு தாங்கிப் பிடித்தன. ஆனால் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விழுந்தால் தாங்குவதற்கு யாரும் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் எல்லாக் குடும்பங்களின் செலவும் ஒன்றாகவே சரிந்தது.

நமக்கு மழை பொய்ப்பது இல்லை. அளவுக்கு மீறிப் பெய்வதுதான் சிக்கல்.

தாமான் ஸ்ரீ மூடா, டிசம்பர் 2021

2021 டிசம்பர் 18ஆம் நாள் சிலாங்கூரில் பெய்த மழையில் கிள்ளான், ஷா ஆலாம், உலு லங்காட் வட்டாரங்கள் மூழ்கின. கிள்ளான் ஆற்றோரம் தாழ்வாக அமைந்த தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் தஞ்சம் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த வெள்ளப் பருவத்தில் நாடு முழுவதற்கும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் சுமார் பாதி, 310 கோடி வெள்ளி, சிலாங்கூருடையது.

நீர் வடிந்த பிறகு, தம் காருக்கு எடுத்திருந்த 'முழுக் காப்புறுதி' வெள்ளத்துக்குச் செல்லாது என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. வெள்ளம், மண்சரிவு போன்றவற்றுக்குச் சிறப்பு அபாயம் என்ற தனிச் சேர்க்கை எடுக்க வேண்டும். அதற்கு வழக்கமான கட்டணம் காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு. 30,000 வெள்ளி பெறுமானமுள்ள காருக்கு 150 வெள்ளி.

இந்த 0.5 விழுக்காட்டைச் சற்று யோசியுங்கள். கார் முழுவதும் வீணாகும் வெள்ளம் 200 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்றால், அந்தக் கட்டணம் சராசரி இழப்புக்குச் சமம். புக்கிட் மேட்டில் இருப்பவருக்கு அது அதிக விலைதான். ஆனால் ஆற்றங்கரையில் தாழ்வான தாமானில் வாழ்பவருக்கு வெள்ளம் 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தாலும் சராசரி இழப்பு 600 வெள்ளி. 600 வெள்ளிப் பொருளை 150 வெள்ளிக்கு யாராவது விற்றால் நாம் வரிசையில் நிற்க மாட்டோமா? எதிர்பார்க்கும் பயன்பாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாதாரணச் சராசரிக் கணக்குப்படியே எடுத்திருக்க வேண்டும். அப்படியும் பலர் எடுக்கவில்லை.

அமெரிக்காவில் வெள்ளக் காப்புறுதியை ஆராய்ந்த ஹாவர்ட் குன்ரூதர் 1978லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். நிகழ்தகவு மிகச் சிறியதாக இருந்தால், மனிதர்கள் அதைச் சிறியது என்று கணக்கிடுவதில்லை. சுழியம் என்றே எண்ணிவிடுகிறார்கள். டேனியல் கானமன், ஏமஸ் டிவெர்ஸ்கி இருவரும் 1979இல் முன்வைத்த கோட்பாடும் இத்தகைய பிறழ்வுகளை விளக்க எழுந்ததே. இதோடு நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. சாலை வரி புதுப்பிக்கும் நாளில் நாம் முகவரிடம் கேட்பது "எது மலிவு?" என்ற ஒரே கேள்விதான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கட்டிய கூட்டு அந்த வாரத்தில் உதவியிருக்குமா? பத்துப் பேர் வீட்டிலும் ஒரே இரவில் குளிர்சாதனப் பெட்டி மிதந்தால், யார் யாருக்குக் கொடுப்பது? காப்புறுதி நிறுவனத்தின் பலம் அதன் நேர்மையில் மட்டும் இல்லை. ஸ்ரீ மூடாவின் இடரைக் குளுவாங்கிலும் சிபுவிலும் உள்ளவர்களோடு, மறுகாப்புறுதி வழியாக வெளிநாடுகளோடும் பங்கிட்டுக்கொள்வதில் இருக்கிறது.

நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு

"கேட்கப் போனால் கொடுக்கமாட்டான்" என்ற பேச்சையும் அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. நம் வேன் ஓட்டுநர் 160 வெள்ளி நியாயமான சந்தா கட்டுகிறார் என்போம். ஐந்து கோரிக்கைகளில் ஒன்று ஏதாவதொரு நிபந்தனையைக் காட்டி மறுக்கப்படுகிறது. இப்போது அவருக்கு மூன்றாவது ஒரு நிலையும் உண்டு: சந்தாவும் கட்டியாகிவிட்டது, இழப்பும் வந்துவிட்டது, இழப்பீடு மட்டும் இல்லை. கையில் இருப்பது 740 வெள்ளி. காப்புறுதியே எடுக்காதிருந்தால் 900 வெள்ளியாவது இருந்திருக்கும். 98 விழுக்காடு வாய்ப்பில் 2,340 வெள்ளி, 2 விழுக்காடு வாய்ப்பில் 740 வெள்ளி என்று கணக்கிட்டால், எதிர்பார்க்கும் பயன்பாடு 47.95. காப்புறுதி இல்லாதபோது அது 48. எடுக்காமல் இருப்பதே மேல்!

ஆக, இழப்பீடு கிடைப்பதில் ஐயம் கொண்டவர் காப்புறுதியைத் தவிர்ப்பது கோட்பாட்டுக்கு எதிரானது அன்று. கோட்பாடே அதைத்தான் சொல்கிறது. நீல் டொஹர்ட்டி, ஹாரிஸ் ஷ்லெசிங்கர் ஆகியோர் 1990இல் இதை முறையாக நிறுவினர். ஏழையாக இருப்பவருக்கு அந்த மூன்றாவது நிலை இன்னும் கொடியது என்பதால், மிகவும் தேவைப்படுபவரே மிகவும் தயங்குகிறார்.

வருமான இடருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. சந்தா கட்ட வேண்டிய தேதி, வருமானம் வரும் தேதியை அறியாது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. தொட்டுச் செய்யும் தொழிலை இணையத்தில் செய்ய முடியாது. இத்தகையவர்கள் முதலில் வெட்டும் செலவுகளுள் ஒன்று காப்புறுதிச் சந்தாவாகத்தான் இருக்கும். காப்புறுதி மிகவும் தேவைப்படும் மாதமும், அதைக் கைவிட நேரும் மாதமும் ஒன்றாகிவிடுகின்றன. சேமநிதியில் பணம் இருந்தவர்கள் அதை எடுத்தார்கள்; 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களின் கீழ் வெளியேறிய தொகை 14,500 கோடி வெள்ளி. முதுமைக்கு வைத்ததை இளமைக்குக் காப்புறுதியாக்கிக்கொண்டார்கள்.

மருத்துவ அட்டையின் கதையும் இதை ஒத்ததே. 2024இல் மருத்துவக் காப்புறுதிச் சந்தா திடீரென உயர்ந்து பெரும் சலசலப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பும்படி பணித்தது. சந்தா ஏறும்போது யார் விலகுவார்? உடல்நலத்தோடு இருப்பவர். மிஞ்சுபவர்கள் நோயாளிகள். எனவே அடுத்த ஆண்டு சந்தா மேலும் ஏறும். ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கியதும், மைக்கேல் ராத்ஸ்சைல்டும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 1976இல் காப்புறுதிக்கு விரித்துக் காட்டியதும் இந்தச் சுழலைத்தான்.

கட்டாயம் என்ற தீர்வு

சுழலை அறுக்க ஒரு வழி, யாரையும் விலக விடாமல் செய்வது. சொக்சோ அப்படித்தான் இயங்குகிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971இல் தொடங்கிய அந்த அமைப்பு, 'உங்களுக்கு வேண்டுமா' என்று கேட்பதில்லை; சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறது. தேதிச் சிக்கலும் இல்லை. சம்பளம் வராத மாதத்தில் சந்தாவும் இல்லை. 2018 ஜனவரி முதல் வேலை இழப்புக்கும் இவ்வாறே காப்புறுதி வந்தது. முதலாளியும் தொழிலாளியும் தலைக்கு 0.2 விழுக்காடு.

ஆனால் முதலாளி என்று ஒருவர் இருந்தால்தானே பிடிக்க முடியும்? வேன் ஓட்டுநர், மாலை கட்டுபவர், வடை சுடும் அக்கா, இவர்கள் நெடுங்காலம் அந்தக் குடைக்கு வெளியே நின்றார்கள். 2017ஆம் ஆண்டில் சொந்தத் தொழில் செய்வோருக்கான தனிச் சட்டம் வந்தது. முதலில் வாடகைக் கார், இணையவழி வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு. பின்னர் 2020 முதல் அங்காடி வியாபாரம் உள்ளிட்ட பல தொழில்களுக்கு. சந்தா, தெரிவு செய்துகொள்ளும் வருமானத்தில் 1.25 விழுக்காடு. தொடக்கத்தில் வகுத்த நான்கு நிலைகளில் மிகக் குறைந்தது 1,050 வெள்ளி வருமானம். அதற்கு ஆண்டுச் சந்தா 157 வெள்ளி 20 சென். பலருக்கு அரசே அதன் பெரும்பகுதியை மானியமாகச் செலுத்தியது. கோட்பாட்டுக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் இது நல்ல பேரம். விலை குறைவு, இழப்பீட்டைச் சட்டமே வரையறுத்துள்ளதால் ஐந்தில் ஒன்று மறுக்கப்படுமோ என்ற அச்சமும் குறைவு.

ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். இத்திட்டம் ஈடுசெய்வது வேலையின்போது நேரும் விபத்தையும் தொழில்சார் நோயையும்தான். லோரி மோதிக் கால் முறிந்தால் பணம் வரும். தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுவதும் மழை பெய்து, பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கட்டி வைத்த மாலைகள் விற்காமல் வாடிப்போனால் வராது. அந்த இடரை வாங்கிக்கொள்ள இன்னும் எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அதற்கு இன்றும் கூட்டும், சங்கிலியும், அண்ணனும்தான்.